பாதி தேய்ந்த பெர்ஃபார்மன்ஸ் டயர்: ஓட்டித் தீர்ப்பதா, மாற்றுவதா, தனியே எடுத்து வைப்பதா?

"டயரில் இன்னும் நாலு மி.மீ. இருக்கிறது. காய்ந்த சாலையில் புதிதாக வாங்கியபோது பிடித்ததைவிட இப்போது நன்றாகப் பிடிக்கிறது. மழையில் மட்டும் பயமாக இருக்கிறது. மாற்றுவதா, வேண்டாமா?" வேகத்துக்கும் பிடிமானத்துக்கும் முதலிடம் தரும் பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டிருக்கும் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அந்த மி.மீ., டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களின், அதாவது காடிகளின், மிச்ச ஆழம். குழப்பத்துக்குக் காரணம், அவர்கள் கவனித்த இரண்டுமே உண்மை என்பதுதான். ஒரே டயர் ஒரே நேரத்தில் காய்ந்த தரையில் மேம்பட்டும் ஈரத்தில் மோசமாகியும் வரும். எனவே "இன்னும் எத்தனை மி.மீ. மிச்சம்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

## தேயத் தேய உள்ளே நடப்பது

நீளமான புது அழிரப்பரைத் தாளில் வைத்துத் தேய்த்தால் அது வளைந்து நெளியும். பாதிக்கு மேல் தீர்ந்த துண்டு அப்படி வளையாது, கை போன பக்கம் போகும். காடிகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகளான டயர் பட்டன்களும் அப்படித்தான். 8 மி.மீ. உயரப் பட்டன், வளைவில் திரும்பும்போது அடி தரையில் ஒட்டியிருக்க, மேல்பகுதி பக்கவாட்டில் சாய்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் தெரிவது இதனால்தான். உயரம் 4 மி.மீ. ஆனதும், பக்கவாட்டு இழுப்பை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஸ்டீயரிங் உடனே பேசுகிறது. பிரேக்கில் நெளிவு குறைகிறது.

வெப்பமும் இதில் சேர்கிறது. ரப்பர் நெளிய நெளியச் சூடாகும். புது டயரைப் பந்தயத் தடத்தில் விரட்டினால், உயரமான பட்டன்கள் சூடேறி ஓரங்களில் பிய்ந்து வருவது உண்டு. தடத்துக்கென்றே வாங்கும் சிலர் புது டயரையே இயந்திரத்தில் கொடுத்துச் சில மி.மீ. சீவி எடுத்துவிட்டுப் போடுவது இதற்காகத்தான். காய்ந்த தரைக்கான பந்தய டயரில் காடியே இருக்காது. அதாவது காய்ந்த தரையில் பிடிமானம் தருவதற்குக் காடி தேவையே இல்லை, தண்ணீருக்காக மட்டுமே அதை வெட்டுகிறார்கள்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் அகலம் 20 செ.மீ. என்று வைப்போம். சாலையில் 3 மி.மீ. நீர். கார் போவது 80 கி.மீ. வேகத்தில். அந்த ஒரு டயர் நொடிக்கு 13 லிட்டருக்கு மேல் தண்ணீரை வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். நொடிக்கு ஒரு பெரிய வாளி. கொஞ்சம் பக்கவாட்டில் தெறிக்கும், மீதி காடிகளுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். காடியின் ஆழம் பாதியானால் அதன் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடுவது உண்டு, ஏனென்றால் பல டயர்களில் காடி அடியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். பட்டன்களின் மேல் இருக்கும் மெல்லிய கீறல்கள் பல டயர்களில் அடிவரை போவதுமில்லை. டயர் தேயும்போது அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இந்த இடத்தில் "ஈரம்" என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூறல் விட்டுச் சாலை வெறுமனே நனைந்திருந்தால், பிடிமானத்தை ரப்பர் கலவையும் சாலையின் சொரசொரப்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். நல்ல கலவை உள்ள பெர்ஃபார்மன்ஸ் டயர் பாதி தேய்ந்த பிறகும் அதில் சமாளிக்கும். நீர் தேங்கி நிற்கும் இடத்தில் கதை வேறு. விலக்க முடியாத நீர் டயருக்கு முன்னால் ஆப்பு போல நுழைந்து, டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். இந்த நீர்ச்சறுக்கலை விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆராய்ந்து 1963-இல் ஓர் எளிய சூத்திரம் தந்தது. காடியால் விலக்க முடியாத அளவு நீர் இருந்தால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 98 கி.மீ. 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் சுமார் 83 கி.மீ. நல்ல காடி இருக்கும்வரை இந்த எல்லைக்கு நீங்கள் வரவே மாட்டீர்கள். காடி தேயத் தேய, குறைந்த நீரே இந்த நிலையை உண்டாக்கப் போதுமானதாகிறது. அகலமான டயர் என்றால் விலக்க வேண்டிய நீரும் அதிகம், பெர்ஃபார்மன்ஸ் டயர்களோ பெரும்பாலும் அகலமானவை.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

| மிச்ச ஆழம் | காய்ந்த தரை | நனைந்த சாலை | தேங்கிய நீர் |
|---|---|---|---|
| 8–7 மி.மீ. (புதிது) | பிடிக்கும், ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தம் | மிக நன்று | மிக நன்று |
| 5 மி.மீ. | நன்று, ஸ்டீயரிங் துல்லியம் கூடியிருக்கும் | நன்று | வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும் |
| 3 மி.மீ. | உச்சத்துக்கு அருகில் | சுமார் | நம்ப முடியாது |
| 1.6 மி.மீ. | கலவை இறுகாமல் இருந்தால் இன்னும் பிடிக்கும் | மோசம் | ஆபத்து |

8-இலிருந்து 5 மி.மீ. வரை தேயும்போது ஈரப் பிடிமானம் மெதுவாகத்தான் குறைகிறது. 3-க்குக் கீழே ஒவ்வொரு அரை மி.மீ.யும் பெரிதாகத் தெரியும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆழம். ஒரு டயரில் உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். காடிக்குள் இருக்கும் தேய்மான மேடுகளின் (டயர் தீர்ந்துவிட்டதைக் காட்டும் சின்ன ரப்பர் மேடுகள்) மேல் அளவுகோலை வைத்துவிடக் கூடாது. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எண். பெர்ஃபார்மன்ஸ் கார்களில் சக்கரங்களை மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள், அதனால் உள்ஓரம் முதலில் தீரும். வெளியிலிருந்து பார்த்தால் 4 மி.மீ. பட்டன் பளிச்சென்று தெரியும், உள்ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வயது. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் காற்றுப்பட்டும் சூடேறி ஆறியும் இறுகிக்கொண்டே போகும். மேலே சொன்ன "தேய்ந்தால் காய்ந்த தரையில் மேம்படும்" என்பது கலவை மென்மையாக இருக்கும்வரைதான் செல்லும். ஆறு வருடப் பழைய டயரில் 5 மி.மீ. இருப்பதைவிட, ஒன்றரை வருட டயரில் 3 மி.மீ. இருப்பது காய்ந்த தரையில் நன்றாகப் பிடிக்கலாம். பலர் ஆழத்தை அளக்கிறார்கள், தேதியைப் பார்ப்பதில்லை. என் கணக்கில் இரண்டுக்கும் சம எடை.

மழையும் வேகமும். மழைக்காலத்தில் விரைவுச் சாலையில் தினமும் போகிறீர்களா, மழை வந்தால் காரை எடுக்காமல் இருக்க முடியுமா? முடிவை எல்லாவற்றையும்விட அதிகம் மாற்றுவது இதுதான்.

எந்தச் சக்கரத்துக்கு விசை போகிறது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார் என்றால் சில வழிகள் உங்களுக்கு அடைபட்டிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

## வழி 1: தேய்மான மேடு தட்டும்வரை ஓட்டுவது

பல நாடுகளில் கார் டயருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. காடிக்குள் இருக்கும் மேடுகளும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அதுவரை ஓட்டுவதில் நியாயம் உண்டு. காசு கொடுத்து வாங்கிய ரப்பரை முழுதாகப் பயன்படுத்துகிறீர்கள். தேய்ந்த டயருக்கு உருளும் எதிர்ப்பும் குறைவு, எரிபொருள் சற்று மிச்சமாகும். நெளிவு குறைவதால், கடைசி மி.மீ.கள் முதல் மி.மீ.களைவிட மெதுவாகத் தேய்வதும் பெரும்பாலும் நடக்கிறது.

மறைந்திருக்கும் செலவு பிரேக்கில் இருக்கிறது. ஈரச் சாலையில் ஒரு டயரின் உராய்வுக் கெழு (தரையைப் பிடிக்கும் திறனைக் காட்டும் எண்) 0.8, இன்னொன்றுடையது 0.5 என்று கணக்குக்காக வைப்போம். 100 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் முதல் கார் சுமார் 49 மீட்டரில் நிற்கும். இரண்டாவதுக்கு 79 மீட்டர் வேண்டும். இந்த 30 மீட்டரை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை, இரண்டாவது கார் இன்னும் 61 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு செலவு, காய்ந்த தரை கொடுக்கும் தவறான நம்பிக்கை. இதை நானே அனுபவித்திருக்கிறேன். என் கார் டயர்கள் 3 மி.மீ.க்கு வந்திருந்த மாதங்களில்தான் அந்தக் காரை நான் மிகவும் ரசித்து ஓட்டினேன். வளைவுகளில் எழுதுகோல் போல ஓடியது. முதல் பெருமழை வந்த நாளில், எப்போதும் போகும் சாலையில், எப்போதும் போகும் வேகத்தில், ஒரு பள்ளத்தில் தேங்கிய நீரில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் போனது. ஒரு நொடிகூட இருக்காது. கார் நேராகவே போய்க்கொண்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் ஒரு வளைவு இருந்திருந்தால் என்ற நினைப்பு நெடுநாள் போகவில்லை. முந்தின நாள்வரை டயர் எனக்கு எந்த எச்சரிக்கையும் தரவில்லை. காய்ந்த தரையில் அது எச்சரிக்கை தரவும் தராது.

ரப்பர் மெலிந்தால் ஆணியும் கண்ணாடித் துண்டும் சீக்கிரம் துளைக்கும். சத்தமும் கூடும். இவை சின்னத் தொல்லைகள்.

இந்த வழி பொருந்துவது: வறண்ட மாதங்கள் இன்னும் நீளமாக இருக்கும்போது, மழையில் காரை எடுக்காமல் இருக்க உண்மையிலேயே முடியும்போது, வயது குறைவாகவும் தேய்மானம் சீராகவும் இருக்கும்போது.

## வழி 2: 3 மி.மீ.யில் நான்கையும் மாற்றுவது

"நல்ல டயரைத் தூக்கிப் போடுவதா?" என்று மனம் அடித்துக்கொள்ளும். எவ்வளவு போடுகிறோம் என்று பார்க்கலாம். 8 மி.மீ.யில் தொடங்கி 1.6 வரை பயன்படுத்தக் கிடைப்பது 6.4 மி.மீ. 3-இல் மாற்றினால் விடுவது 1.4, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 4-இலேயே மாற்றினால் 2.4, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அது எனக்கு அதிகமாகத் தெரிகிறது. தடத்தை மனதில் வைத்துச் செய்த டயர்கள் புதிதாக இருக்கும்போதே 6 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவற்றில் 3-இல் மாற்றினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வீணாகும். அப்படிப்பட்ட டயரை அன்றாட மழைச் சாலைக்குப் போடுவது சரிதானா என்று அங்கேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

புது டயர் முதல் நாளே முழுப் பிடிமானம் தராது. அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய வழுக்குப் பொருளின் மிச்சம் மேற்பரப்பில் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்ட வேண்டும். தேய்ந்த டயரின் கூர்மைக்குப் பழகியவருக்குக் கார் திடீரெனத் தளர்ந்துபோனது போல இருக்கும், "டயர் சரியில்லையோ" என்று சிலர் கடைக்குத் திரும்பிப் போவதும் உண்டு. டயரில் கோளாறு இல்லை, பட்டன் உயரம்தான். அப்புறம், மாற்றும்போதே அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புது டயரின் உள்ஓரமும் பழையதன் வழியே போகும்.

எந்த டயர் வாங்குவது என்று பார்க்கும்போதும் தேய்மானத்தை நினைவில் வையுங்கள். ஈரப் பிடிமானத்துக்கான ஐரோப்பிய மதிப்பெண் புது டயரைச் சோதித்துக் கொடுப்பது. பெரும்பாலான ஒப்பீட்டுச் சோதனைகளும் புது டயரில்தான் நடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்துதான் புதிதாக அங்கீகாரம் பெற வரும் கார் டயர் வகைகளைத் தேய்ந்த நிலையிலும் ஈரத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. புதிதாக இருக்கும்போது முதலிடம் பெற்ற டயர், 3 மி.மீ.யில் நான்காம் இடத்துக்கு இறங்கலாம். நேர்ச்சுவருடன் அடிவரை அகலமாகப் போகும் காடிகள் நல்ல அறிகுறி.

இந்த வழி பொருந்துவது: ஒரே செட் டயரில், ஆண்டு முழுவதும், மழையிலும் விரைவுச் சாலையிலும் போகிறவர்களுக்கு. அதாவது பெரும்பாலோருக்கு.

## வழி 3: இரண்டை மட்டும் மாற்றுவது

பின்சக்கர விசை உள்ள, முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்ட கார்களில் பின் டயர் முதலில் தீரும், முன்பின் மாற்றிப் போடவும் முடியாது. அவர்களுக்கு இது இயல்பான வழி. மற்றவர்கள் சிக்கனத்துக்காகச் செய்கிறார்கள்.

புது இரண்டும் பின்னால் போக வேண்டும், முன்சக்கர விசை உள்ள காரிலும் கூட. முன் டயர் நீரில் மிதந்தால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின் டயர் மிதந்தால் பின்பக்கம் சுழன்று வரும், அதைப் பிடிக்கப் பழகிய கைகள் மிகக் குறைவு.

ஆனால் இதில் ஒரு சிக்கலை அதிகம் பேர் சொல்வதில்லை. பின்னால் 8 மி.மீ., முன்னால் 3 மி.மீ. என்றால், காய்ந்த தரையில் முன்பக்கம் சட்டென்று திரும்பும், பின்பக்கம் நெளிந்து தாமதமாக வரும். வேகமாக லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு கணம் மிதப்பது போன்ற உணர்வு வரும். புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பின் இது குறையும். அதுவரை காரின் நடத்தை மாறியிருக்கிறது என்பதை நினைவில் வைத்து ஓட்ட வேண்டும். நீரில் முன்பக்கம் இன்னும் 3 மி.மீ.தான் என்பதும் அப்படியே இருக்கிறது, மழை பயத்துக்கு இது அரை மருந்துதான். வேறு மாடல் டயரைக் கலந்தால் இந்த வித்தியாசங்கள் இன்னும் பெரிதாகும்.

நான்கு சக்கர விசை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது. 5 மி.மீ. ஆழ வித்தியாசம் என்றால் சுற்றளவில் சுமார் 31 மி.மீ. வித்தியாசம். 65 செ.மீ. விட்டமுள்ள டயரில், தேய்ந்தது புதியதைவிடக் கிலோமீட்டருக்கு ஏழெட்டுச் சுற்று அதிகம் சுற்றும். முன் பின் அச்சுகளை இணைக்கும் பகுதி, கார் நேராகப் போகும்போதும் அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துச் சூடாகும். அது பழுதானால் ஆகும் செலவுக்கு முன்னால் இரண்டு டயரில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. எவ்வளவு வித்தியாசம் வரை போகலாம் என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வழிக்கு வர வேண்டும்.

## வழி 4: தேய்ந்ததைத் தடத்துக்கு ஒதுக்கி, சாலைக்கு வேறு செட்

ஆண்டுக்குச் சில முறை பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 3–4 மி.மீ.யில் இருக்கும், வயது குறைந்த, சீராகத் தேய்ந்த செட் காய்ந்த தடத்துக்கு ஏறக்குறைய தயாரான பொருள். சீவுவதற்குக் காசு கொடுக்க வேண்டாம், சாலை அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது. சாலைக்குப் புது செட் போட்டால் மழைக் கவலையும் தீரும்.

செலவுகள் வெளிப்படையானவை: இன்னொரு செட் ரிம், வைக்க இடம், மாற்றும் உழைப்பு. மறைந்திருப்பது வயது. ஒதுக்கி வைத்த டயர் ஓடாவிட்டாலும் இறுகும். ஒவ்வொரு முறை தடத்தில் நன்றாகச் சூடேறி ஆறும்போதும் கலவை கொஞ்சம் கடினமாகிறது. பட்டன் மிச்சமிருக்கும், பிடிமானம் போயிருக்கும். "எப்போதாவது தடத்துக்குப் போவேன்" என்று நினைத்து வைத்து, மூன்று வருடம் கழித்து எடுப்பதாக இருந்தால் இந்த வழி வேண்டாம்.

மெலிந்த ரப்பர் எல்லையைத் தாண்டும்போது புது டயரைவிடச் சட்டென்று கைவிடும். தடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெளி, உள் ஓரங்களைக் கையால் தடவிப் பாருங்கள். துணி இழையோ கம்பியோ தென்பட்டால் அந்த டயர் அங்கேயே முடிந்தது. தடத்துக்கு அந்த டயரிலேயே ஓட்டிப் போகிறீர்கள் என்றால், திரும்பும் வழியில் மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உடலும் களைத்து, டயரும் தேய்ந்திருக்கும் நேரம் அது.

## அந்த நாலு மி.மீ. கேள்விக்கு

முதலில் உள்ஓரத்தை அளந்து பாருங்கள், அங்கும் நாலு இருக்கிறதா என்று. இல்லையென்றால் உங்கள் எண் வேறு. இருந்து, டயருக்கு நாலு வயதுக்குள் என்றால், இப்போது மாற்ற வேண்டாம். காற்றழுத்தத்தைச் சரியாக வைத்து ஓட்டுங்கள். நீர் தேங்கிய சாலையில் 80-க்குக் கீழே இறங்குங்கள், தேக்கம் அதிகமாகத் தெரிந்தால் இன்னும் குறையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடங்களில் அளந்து எழுதி வையுங்கள், எப்போது 3-ஐத் தொடும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அது மழைக்காலத்தின் நடுவே வரும் என்றால், மழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். வறண்ட மாதங்களின் தொடக்கத்தில் வரும் என்றால், அந்த மாதங்களை முழுதாக ஓட்டி ரசித்துவிட்டு, முதல் மழைக்கு இரண்டு வாரம் முன்னதாக மாற்றுங்கள். புது டயரின் மேற்பூச்சு தேய்ந்து பழகவும் அந்த இரண்டு வாரம் வேண்டும்.

டயர் ஆறு வயதைத் தாண்டியிருந்தால், ஆழம் எவ்வளவு இருந்தாலும் நான் இந்தக் கணக்கு எதையும் போட மாட்டேன், நான்கையும் மாற்றிவிடுவேன்.